சோம்பேறி மரம்

சோம்பேறி மரத்துக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள் என்று நாத்தனார் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னபோது, வெங்கலம் புகைவீட்டுக்குள் குனிந்து பழைய சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தாள். கேட்டதும் நிமிர்ந்து ஒரு சிரிப்பு சிரித்தாள் பாருங்கள், எதிர்ச்சரிவில் மேய்ந்த ஆடுகள் தலை தூக்கின. அவள் குரல் அப்படி. ரகசியம் பேசினாலே மூன்று வீட்டுக்குக் கேட்கும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது எந்தக் காலத்திலோ மறந்துபோய், வெங்கலம் என்றால்தான் கடைக்காரருக்கே தெரியும் என்று ஆகிவிட்டது.

"விடுடி, போனா போகட்டும். அது நின்னு என்னத்தக் கிழிச்சுது?" என்றாள்.

"இல்ல அண்ணி, இந்தச் சரிவுலயே அதுதான் பெரிய மரம். அதப் போய்..."

"பெருசா இருந்தா? பெருசா இருக்கறவன்லாம் வேலை செய்யறானா? உங்க அண்ணனப் பாரு."

உள்ளே கட்டிலில் கிடந்த அண்ணனுக்கு இது கேட்காமல் இருக்க வழியே இல்லை. அவனை ஏணி என்பார்கள். ஆள் உயரம். அதோடு இந்தச் சரிவில் அவன் ஏறாத மரம் கிடையாது. மூன்று மாதத்துக்கு முன்பு புல்லுருவி வெட்ட ஏறியவன், கிளை முறிந்து விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டான். கால் வழுக்கியது என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டான், கிளைதான் ஏமாற்றிவிட்டது என்பான். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. "ஏணியச் சாத்தி வெச்சிருக்கோம்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் வெங்கலம் சொல்லிச் சிரிப்பாள். "வெளிய ஒரு சோம்பேறி, உள்ள ஒரு சோம்பேறி, ரெண்டுக்கும் நடுவுல நான் ஒருத்தி" என்பது அவளுடைய தினசரிப் பாட்டு. அவனும் சேர்ந்து சிரிப்பான். வேறு என்ன செய்வான், எழுந்து ஓடவா முடியும்?

அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இந்த வீட்டின் சோறு காட்டுப்புளி மரத்தில் இருந்தது. யாரும் நட்டு வளர்த்த மரம் இல்லை. காட்டில் தானாக முளைத்துத் தானாக நிற்பது. மழை தொடங்கினால் கைப்பிடி அளவு மஞ்சள் பழங்கள், வரி வரியாக, தொப்புத் தொப்பென்று விழும். பன்றிக்கு முந்திப் பொறுக்க வேண்டும். இரண்டாக வெட்டி, விதையை வழித்து எறிந்துவிட்டு, தோலை மூங்கில் தட்டில் பரப்பிப் புகைவீட்டில் ஏற்ற வேண்டும். ஐந்து நாள் புகை குடித்தால் தோல் கன்னங்கரேலென்று ஆகிப் பளபளக்கும். மீன் குழம்புக்கு அதன் புளிப்பு வேறு எதிலும் வராது என்பார்கள் டவுன்காரர்கள். பொறுக்குவதற்கு அரசாங்கச் சீட்டு வேண்டும். அட்டையில் எழுதி முத்திரை வைத்த அந்தச் சீட்டு, பிஸ்கட் டப்பாவுக்குள் ரேஷன் கார்டோடு பத்திரமாக இருந்தது.

காட்டுப்புளியில் சில மரங்கள் காய்க்காது. பூக்கும். அடேயப்பா, அப்படிப் பூக்கும், விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி தலைமுதல் கால்வரை அலங்காரம் பண்ணிக்கொண்டு நிற்கும். தேனீக்கள் மொய்த்து மரமே ரீங்காரம் போடும். பத்து நாளில் எல்லாப் பூவும் கொட்டிவிடும். பிஞ்சு என்று ஒன்று, மருந்துக்குக்கூடக் கிடைக்காது. அதனால் அந்த மாதிரி மரங்களுக்குச் சோம்பேறி மரம் என்று பெயர். தோல் புகைப்பதற்கு அதன் விறகை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பச்சையாக வெட்டிப் போட்டாலும் எரியும், புகை கெட்டியாக வரும், கரி தூவாது. சீட்டின் பின்பக்கம் 'உயிருள்ள மரத்தில் கத்தி வைக்கக் கூடாது, வைத்தால் மூன்று வருடம் சீட்டு ரத்து' என்று அச்சடித்திருந்தாலும், சோம்பேறி மரத்தை வெட்டினால் காட்டைக் காவல் காக்கிற வாட்சர்கூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார். காய்க்காத மரத்துக்கு யார் அழுவார்கள்?

இப்போது சரிவை ஒட்டி அகலச் சாலை வருகிறது. போன வருடம் முதல் கட்டம், இந்த வருடம் இரண்டாம் கட்டம். மரங்களைக் கணக்கெடுக்க வனத்துறையிலிருந்து வந்தவர், இரண்டு டப்பா பெயிண்டோடு வந்தார். காய் பிடித்திருக்கிற மரத்துக்கு வெள்ளைக் கோடு, அதைத் தொட மாட்டார்கள், சாலை கொஞ்சம் வளைந்து போகும். காய் இல்லாத மரத்துக்குச் சிவப்புக் கோடு. பெயிண்ட் ஆபீசர் என்று அவருக்குப் பெயர் விழ இரண்டு நாள்கூட ஆகவில்லை. வெங்கலம் வீட்டுச் சரிவில் பதினோரு மரம் வெள்ளை வாங்கியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் சாம்பல் அள்ள இறங்கியதே.

மத்தியானம் கஞ்சி கொண்டுபோய் வைத்தாள். ஏணி கையை நீட்டவில்லை.

"என்னய்யா, கஞ்சிக்கும் சிவப்பு அடிச்சிட்டியா?"

"அந்த மரத்த வெட்ட விடாத."

"எத?"

"சோம்பேறிய."

வெங்கலம் தரையில் உட்கார்ந்தாள். "உனக்கு என்னய்யா ஆச்சு? அடிபட்டது காலுலயா, தலையிலயா?"

"அது போனா இந்தப் பதினொன்னும் காய்க்காது. இந்த வருஷக் காய் பிடிச்சிருச்சு, இது விழும். அடுத்த வருஷம் ஒத்தப் பிஞ்சு வராது." சுவரைப் பார்த்தே பேசினான். "அது ஆம்பள மரம். அதோட பூத்தூளு தேனீ காலுல ஒட்டிக்கிட்டு வந்து இதுங்க பூவுல விழணும். அப்பத்தான் காய். பப்பாளியில இல்லையா? அது மாதிரி."

"இத உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. மரத்து மேல உக்காந்து பாத்தேன். தேனீ எங்கேருந்து வருது, எங்க போகுதுன்னு மேல இருந்தா தெரியும்."

"சரி, தெரிஞ்சுது. எப்ப தெரிஞ்சுது?"

அவன் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டான். வெங்கலம் விடுகிற ஆளா? கஞ்சிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு போர்வையை விலக்கி அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பள்ளத்துச் சோம்பேறியை அவன் வெட்டினான், மறுவருடமே பள்ளத்து மரங்கள் நின்றுபோயின. பாறைக்கு மேல் இருந்ததை வெட்டினான், அங்கேயும் அப்படியே. ஓடைக்கரையில் இரண்டு. நாலாவதை வெட்டியபோது அவனுக்கே விளங்கிவிட்டது.

"விளங்கிடுச்சுல்ல? அப்புறமும் ஓடைக்கரைக் கோடியில அஞ்சாவதா ஒன்ன வெட்டினியே, அது எப்படி?"

"அந்த வருஷம் மழையே விடல. வெறகு பூரா ஈரம். தட்டுல தோலு பூசணம் புடிக்க ஆரம்பிச்சுது. நீதான் கத்துன, ஏதாவது பண்ணுய்யான்னு. அது ஒன்னுதான் பச்சையா எரியும்." கண்ணை மூடிக்கொண்டான். "ஒரு மரந்தானேன்னு நெனச்சேன்."

"மழை சரியில்லன்னு சொன்னியேய்யா! எட்டு வருஷமா எங்கிட்ட மழைன்னு சொன்னியே! நான் வானத்தத் திட்டினேன், காத்தத் திட்டினேன், பக்கத்து வீட்டுக்காரி கண்ணு பட்டுதுன்னு அவகூடப் பேச்ச விட்டேன்! அந்த மகராசிகிட்ட நான் இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போவேன்?"

இது சரிவு முழுக்கக் கேட்டிருக்கும். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, புகைவீட்டு வாசலில் நின்றாள். உள்ளே ஒன்பது அடுக்கு தட்டு. கல்யாணமாகி வந்த புதிதில் ஒன்பதும் நிறையும், பற்றாமல் கூரையிலும் கட்டித் தொங்கவிடுவார்கள். இப்போது கீழ் மூன்று அடுக்குதான் ஓடுகிறது. மேல் அடுக்கில் கோழி முட்டை வைத்திருந்தது. சாம்பல் முறத்தைத் தூக்கி வாசலில் எறிந்தாள். புருஷன் மேல் கோபமா, தன் மேல் கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. ஏதாவது பண்ணுய்யா என்று கத்தியது அவள்தானே.

பெயிண்ட் ஆபீசர் சாலைக்காரர்களின் தகரக் கொட்டகையில் இருந்தார். கால் கொப்புளத்துக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா. பக்கத்தில் மேஸ்திரி டீ ஆற்றிக்கொண்டு நின்றான்.

"சார், அந்தப் பெரிய மரத்துக்குச் சிவப்பு அடிச்சிருக்கீங்க. அது வேணும்."

"காய் இருக்கா?"

"இல்ல."

"முன்னாடி எப்பவாவது காய்ச்சிருக்கா?"

"பொறந்ததுலேருந்து இல்ல."

"அப்புறம் என்னம்மா?" என்றார், களிம்பைத் தடவிக்கொண்டே.

"அது இல்லன்னா மத்தது காய்க்காது சார். அது ஆம்பள மரம்."

மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்தான். "சார், இந்த அக்கா நேத்து வரைக்கும் அந்த மரத்தக் கரிச்சுக் கொட்டிக்கிட்டு இருந்துது சார். தண்டச்சோறு, தடிமாடுன்னு. நாங்க இங்க டீ குடிக்கற எடத்துக்கே கேக்கும். இன்னைக்கு என்ன திடீர்ப் பாசம்?"

"நேத்து தெரியாது, இன்னைக்குத் தெரியும். அதுல உனக்கு என்ன வந்துச்சு?"

"யாரு சொன்னது, ஆம்பள மரம்னு?" என்று கேட்டார் ஆபீசர்.

"எங்க வீட்டுக்காரர்."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

வெங்கலம் வாயைத் திறந்தாள். அப்படியே மூடிக்கொண்டாள். எப்படித் தெரியும் என்று சொன்னால், ஐந்து மரத்தை வெட்டினான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் சீட்டு போச்சு. பிறந்ததிலிருந்து அவளுக்கு வாய் அடைத்த நாள் அது ஒன்றுதான்.

"பாருங்கம்மா, ஒரு காய் காட்டுங்க, வெள்ளை அடிச்சுட்டுப் போறேன். எனக்கும் மரத்துக்கும் என்ன பகையா? நாளன்னைக்கு மெஷின் வருது" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த காலை நீட்டினார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் நாத்தனாருக்கு உடனே ஒரு யோசனை. "அண்ணி, அவ்வளவுதானே? மத்த மரத்துலேருந்து நாலு காயப் பறிச்சு நூல்ல கட்டித் தொங்க விட்ருவோம். அந்த ஆளு கண்ணாடி வேற போட்டிருக்காரு, தெரியவா போகுது?"

"எவ ஏறுவா? நீ ஏறுவியா?"

"நான் எப்படி ஏறுவேன்?"

"அப்படியே கட்டினாலும், நாளைக்கு அந்த மேஸ்திரி ஒரு காயப் புடிச்சு இழுத்தான்னு வெச்சுக்க, நூலோட வரும். பதினோரு மரத்துலயும் கட்டித்தான் வெச்சிருக்காளுங்கன்னு எல்லாத்துக்கும் சிவப்ப இழுத்துட்டுப் போவான். அடி போடி, நல்லா யோசிச்ச."

அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது. "என்னத் தூக்கிட்டுப் போங்க. நானே சொல்றேன்."

இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந்த மரத்த எப்ப வெட்டினேன், எது எப்ப நின்னுச்சுன்னு காட்டினா நம்புவான். அடிமரம் இன்னும் நிக்குதுல்ல? அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"அண்ணா, சீட்டு போயிடும்!" நாத்தனாருக்கு அழுகை முட்டியது. புருஷன் வீடு வேண்டாம் என்று வந்து நான்கு வருடமாக இந்தச் சீட்டில்தான் அவளும் சாப்பிடுகிறாள். "மூணு வருஷம் என்னத்தத் திம்போம்? பேசாம இருந்தா இந்த வருஷக் காயாவது நமக்குத்தானே? வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கற கதையா இருக்கு!"

அவள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பேசாமல் இருந்தால் ஒரு வருடச் சோறு நிச்சயம். பேசினால் இந்த மழைக்கே அடுப்பு அணையும். வெங்கலம் கையைத் துடைத்துக்கொண்டாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள், சீட்டை எடுத்தாள், பார்த்தாள், திரும்ப வைத்தாள்.

"யோவ், நெசமாத்தான் சொல்றியா? பாதி வழியில பயந்துட்டு, கால் வலிக்குது திருப்புன்னு சொல்ல மாட்டியே?"

"மாட்டேன்."

"அவன் மொறச்சா?"

"மொறைக்கட்டும்."

"சரி. அடியே, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிய எடு. ரெண்டு மூங்கிலும் கயிறும் கொண்டா. அழுதது போதும், அழுதுகிட்டே எடுத்தாலும் சரி."

மறுநாள் காலையில் அந்த ஊர்வலத்தைப் பார்த்தவர்கள் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிக்கு அடியில் இரண்டு மூங்கில், முன்னால் வெங்கலம், பின்னால் நாத்தனார். நடுவில் ஏணி, மாவுக்கட்டுப் போட்ட காலை நேரே நீட்டிக்கொண்டு. மழை வரப்போகிற புழுக்கம். மண் வழுக்கியது.

"கல்யாணத்துல கூட உன்ன இப்படி எவனும் தூக்கியிருக்க மாட்டான்" என்றாள் வெங்கலம், பல்லைக் கடித்துக்கொண்டு.

"கொஞ்சம் குலுக்காமப் போ, வலி உசுரு போகுது."

"நீ திங்காத சோறா? கனத்தப் பாரு! படுத்த படுக்கையா கெடக்கறவன் இளைக்க வேண்டாமா?"

"அண்ணி, சிரிக்க வைக்காதீங்க, கைய விட்ருவேன்" என்றாள் நாத்தனார். அவளுடைய கண் இன்னும் வீங்கித்தான் இருந்தது.

பெயிண்ட் ஆபீசரை வழியிலேயே மடக்கினார்கள். ஒரு மணி நேரம் தாருங்கள், நடந்து வந்து பாருங்கள், அதற்கப்புறம் உங்கள் இஷ்டம் என்றாள் வெங்கலம். கொப்புளக் காலோடு அவர் முனகிக்கொண்டே வந்தார். மேஸ்திரி வேடிக்கை பார்க்க வந்தான்.

பள்ளத்தில் முதல் அடிமரம் பாசி பிடித்துக் கிடந்தது. ஏணி நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டினான். "சார், இத நான்தான் வெட்டினேன். என் பெரிய கோடாலி. ஒன்பது வருஷம் ஆச்சு. சுத்திப் பாருங்க, இது, அது, அந்த ரெண்டு, பாறைகிட்ட ஒன்னு. அஞ்சும் நல்லாக் காய்ச்ச மரம். நான் இத வெட்டின மறுவருஷமே நின்னு போச்சு. போன வருஷம் வந்து காய் இல்லன்னு அஞ்சுக்கும் சிவப்பு அடிச்சீங்க. மெஷின் வந்து அறுத்துட்டுப் போச்சு."

அந்த ஐந்தின் அடிமரத்திலும் சிவப்புக் கோட்டின் மிச்சம் இருந்தது. ஆபீசர் குனிந்து பார்த்தார். விரலால் சுரண்டினார்.

அடுத்தது பாறை. அடுத்தது ஓடைக்கரை. ஒவ்வொரு இடத்திலும் நாற்காலியை இறக்கி வைப்பார்கள். அவன் தன் கையால் வெட்டியதைக் காட்டுவான், அதைச் சுற்றி நின்றுபோனதைக் காட்டுவான். குரல் முதலில் கம்மியது, போகப் போகத் தெளிந்தது. ஓடைக்கரைக் கோடியில் ஐந்தாவதற்கு வந்ததும் மட்டும் கையை நீட்டவில்லை. "இது தெரிஞ்சே வெட்டினது சார்" என்றான். வெங்கலம் அவன் தோளில் கை வைத்தாள். "வெட்டச் சொல்லிக் கத்தினது நான். அதையும் சேத்துக்குங்க" என்றாள்.

"மொத்தம் எத்தனை நின்னுது?" என்று கேட்டார் ஆபீசர். அவர் கையில் நோட்டு எப்போது வந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

"இருபத்திரண்டு."

"நீங்க வெட்டினது அஞ்சு."

"அஞ்சு."

கடைசியாகச் சோம்பேறி மரத்தடிக்கு வந்தார்கள். ஆள் இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத மரம். இடுப்பு உயரத்தில் சிவப்புக் கோடு. அதைச் சுற்றிப் பதினோரு மரமும் பச்சைக் காயோடு நின்றன. ஆபீசர் நோட்டை மூடி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க என்ன சொல்லியிருக்கீங்கன்னு தெரியுதா? அனுமதிக் காட்டுல அஞ்சு உயிர்மரம் வெட்டியிருக்கீங்க. உங்க வாயாலேயே சொல்லிட்டீங்க. நான் எழுதாம இருக்க முடியாது. சீட்டு ரத்தாகும்."

"எழுதுங்க சார்" என்றான் ஏணி.

"எழுதுங்க" என்றாள் வெங்கலமும். "அஞ்சு மரம் வெட்டினது குத்தம்னு எழுதுங்க. அதனால இருபத்திரண்டு மரம் காய்க்காமப் போச்சுன்னு எழுதுங்க. நாங்க கையெழுத்துப் போடறோம். ஆனா சார், அஞ்சு வெட்டின எங்களுக்குத் தண்டனைன்னா, அதே நோட்டுல அடுத்த பக்கத்துல, ஆறாவது மரத்த வெட்டலாம்னு எப்படி சார் எழுதுவீங்க? நாங்க தெரியாமப் பாதி, தெரிஞ்சு பாதி வெட்டினோம். நீங்க முழுசாத் தெரிஞ்சு வெட்டப் போறீங்க. அப்ப யாரு சீட்ட யாரு புடுங்கறது?"

"சார், இந்த வாய்கிட்ட மாட்டாதீங்க. காய் இல்லாத மரம், ரூல்ல என்ன இருக்கோ அது. நாளைக்கு மெஷின் வந்து நிக்கும், நான் என்ன பதில் சொல்றது?" என்றான் மேஸ்திரி.

"மெஷினுக்கு நான் பதில் சொல்றேன்" என்று வெங்கலம் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். சிவப்புக் கோடு அவளுடைய இடுப்புக்குப் பின்னால் மறைந்துபோனது. "நேத்து வரைக்கும் இதத் திட்டினவ நான்தான். வாய் கூசாமத் திட்டினேன். இன்னைக்குச் சொல்றேன், இது மேல எவன் கை வெச்சாலும் மொதல்ல என் மேல வைக்கணும்."

ஆபீசர் அவளைப் பார்த்தார், நாற்காலியில் வேர்த்து வழிந்து கிடந்தவனைப் பார்த்தார், அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். போன வருடத்து இருபத்திரண்டு கோடும் அவர் கையால் இழுத்ததுதான். பிறகு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். ஒரு பேனா எழுதவில்லை, உதறினார், அடுத்ததை எடுத்தார். இரண்டு பக்கம் எழுதினார். ஏணி கையெழுத்துப் போட்டான், வெங்கலம் பெருவிரல் வைத்தாள்.

"மேஸ்திரி, வெள்ளை டப்பாவக் கொண்டாய்யா" என்றார்.

சிவப்பின் மேல் வெள்ளை சரியாக ஒட்டவில்லை. இரண்டு பூச்சுப் பூசியும் ரோஸ் கலரில்தான் நின்றது. பரவாயில்லை என்றாள் வெங்கலம். காலையிலேயே மடியில் செருகிக்கொண்டு வந்த சீட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

மழை வந்தது. சீட்டு இல்லாத வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. வெங்கலமும் நாத்தனாரும் அதே சாலை வேலைக்கு ஜல்லி சுமக்கப் போனார்கள். மேஸ்திரி முதல் நாள் ஒரு நமுட்டுச் சிரிப்பு சிரித்தான். "என்னக்கா, வாயக் கொடுத்து வயித்தக் கெடுத்துக்கிட்டியே" என்றான். "கூடைய ஒழுங்காத் தூக்கி விடு, அப்புறம் பேசலாம்" என்றாள் அவள்.

ஜல்லி சுமக்கிற இடத்துக்கும் மரங்களுக்கும் கூப்பிடு தூரம். பழம் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். தொப். தொப். இருபது வருடமாக அந்தச் சத்தம் கேட்டால் கூடையோடு ஓடிப் பழகிய கால்கள். நாத்தனார் காதில் துணியைச் சுற்றிக்கொண்டாள். வெங்கலத்தால் அதற்கும் முடியவில்லை. அவ்வளவு பழம் எட்டு வருடத்தில் விழுந்ததில்லை. வேண்டுமென்றே விழுகிற மாதிரி விழுந்தது. பன்றி தின்றது போக மிச்சம் அழுகி, புளித்த வாடை சாலை வரைக்கும் வந்தது.

மூன்றாம் நாள் சாப்பாட்டு வேளையில் அவள் எழுந்து நேரே மரத்தடிக்குப் போனாள். வாட்சர் குடைக்குள் நின்றிருந்தார்.

"அக்கா, பொறுக்கக் கூடாது. என்னச் சங்கடத்துல மாட்டி விட்ராத."

"கூடை வெச்சிருக்கனா? பை வெச்சிருக்கனா? கண்ணு தெரியுதுல்ல?" இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பிறகு குனிந்து ஒரு பழத்தை எடுத்தாள், வாட்சரின் மூக்குக்கு நேரே பிளந்து, உள்ளே இருந்த வெள்ளைச் சதையோடு விதைகளை வாயில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா!"

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது, விக்கக் கூடாது. சரி. குருவி திங்குது, கொரங்கு திங்குது, நான் தின்னா மட்டும் எழுதிடுவியா? எழுதிக்க. இனிமே புடுங்க என்ன இருக்கு?"

புளிப்பு ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் மென்றுகொண்டே சரிவில் இறங்கினாள். பள்ளத்துக்குப் போனாள். போன வருடம் மெஷின் அறுத்துவிட்டுப் போன அடிமரங்கள் மழையில் நனைந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஈர மண்ணில் ஒரு விதையைத் துப்பினாள். கால் கட்டைவிரலால் மண்ணைத் தள்ளி மூடினாள். நாலு அடி நடந்து இன்னொன்று துப்பினாள். வாட்சர் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். துப்பக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை போலிருக்கிறது, அவருக்கு என்ன சொல்லித் தடுப்பது என்று தெரியவில்லை.

அன்றைக்கு ஏழு பழம். பல் கூசிச் சாயங்காலம் கஞ்சிகூடக் குடிக்க முடியவில்லை. மறுநாளும் போனாள். நாத்தனாரும் காதுத் துணியை அவிழ்த்துவிட்டுக் கூட வந்தாள். அவளுக்கு வாய் சின்னது, இருந்தாலும் பாறை வரைக்கும் துப்புவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். மாவுக்கட்டுப் பிரித்த ஏணி, ஒரு கம்பை ஊன்றி மெல்ல மெல்ல வந்து ஓடைக்கரைக்குப் போனான். அங்கே யாரையும் கூட வரவிடவில்லை.

மழை முடிகிற சமயத்தில் ஒரு நாள் வாட்சருக்குப் பொறுக்கவில்லை. பள்ளத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு ஏழெட்டு முளை, செம்பு நிறத்தில் இலை விட்டிருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"அக்கா, இது காய்க்குமா காய்க்காதான்னு எப்ப தெரியும்?"

"பூக்கறப்பத்தான் தெரியும். பத்து வருஷம் ஆகலாம், அதுக்கு மேலயும் ஆகலாம்."

"அவ்வளவு நாள் காத்திருந்து, பாதி சோம்பேறியா நின்னுதுன்னா?"

வெங்கலம் வாயிலிருந்த கடைசி விதையைத் துப்பி, மண்ணைத் தள்ளி மூடினாள்.

"நிக்கட்டும்" என்றாள். எதிர்ச்சரிவில் ஆடுகள் தலை தூக்கின.